மாமனார் உளி, மாப்பிள்ளை வியாபாரம்

என் மாமனார் ஆசாரி. நானும் அதே குலத்தில் பிறந்தவன்தான், ஆனால் வங்கியில் பேரேடு எழுதியே காலத்தைத் தள்ளிவிட்டேன். வீட்டில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட, மாமனார் வந்து சேரும் வரை முருகன் தரையில்தான் சாய்ந்து நிற்பார். அவர் வருவார், என்னையும் பார்க்கமாட்டார், ஆணியையும் பார்க்கமாட்டார், இரண்டே தட்டு. அப்புறம் "காபி குடிச்சாச்சுங்களா மாப்ளே" என்று விசாரிப்பார். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் அதிகமாக வலிக்கும்.

அப்பேர்ப்பட்டவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய ஆயுதப் பெட்டிக்கு விலை போட்டு விற்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா? "நீங்கதான பேங்க்ல இருந்தவரு, கணக்கு வழக்குத் தெரியுமல்லங்க" என்றாள் வீட்டு அம்மிணி. ஆயுள் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணியவனுக்குப் பழைய ரம்பத்தின் விலை தானாகத் தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு.

சிங்காநல்லூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 1930களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்ததும் இந்தப் பக்கம் மில்லுக்கு மேல் மில்லாக எழுந்தது. மிஷின் இரும்புதான், ஆனால் பாபின் மரம், நாடா மரம், நாடாவை விரட்டி அடிக்கும் பிக்கிங் ஸ்டிக் மரம். மரமென்றால் தேயும், உடையும், இழைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அதனால் மில்லுக்குள் தச்சுப் பட்டறையும் இருந்தது. மாமனாரின் அப்பா அப்படி ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார், பின்னால் மாமனாரும் சேர்ந்தார். மில் மூடியபோது ஆயுதப் பெட்டி எங்கள் பின்கட்டுச் சாய்ப்புக்கு வந்தது. சின்னதும் பெரிதுமாக இழைப்புளிகள், கால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை உளிகள், புளியமர வைரத்தில் செய்த கொட்டாப்புளி, மூலைமட்டம், வாச்சி, இரண்டு பேர் நின்று இழுக்கும் அறுப்பு வாள். எல்லாவற்றின் மேலும் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காக ஏறிக் கிடந்தன. ரம்பத்தின் பல்லுக்குப் பல் பொட்டு.

முதலில் வந்தவர் பழைய இரும்புக் கடைக்காரர். உக்கடத்துக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். எலக்ட்ரானிக் தராசைத் திண்ணையில் வைத்து, சின்ன இழைப்புளியை ஏற்றி, "ஒண்ணு எழுநூறுங்க. கிலோ 28. நாப்பத்தேழு ரூபா அறுவது பைசா ஆகுது, நாப்பத்தேழு வெச்சுக்குங்க" என்றார். மூன்று தலைமுறைத் தொழிலில் அறுபது பைசாவைத் தள்ளுபடி செய்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. "கைப்பிடியக் கழட்டிப்போடணுங்க, கட்டைக்கு எடை இல்லீங்க" என்றதும் கோபம் முற்றி, "யோசிச்சுச் சொல்றேங்க" என்று கடுமையாகச் சொல்லிவிட்டேன். என் அகராதியில் அதற்கு மேல் கடுமை கிடையாது.

பெங்களூரில் இருக்கும் மச்சினன் போனில், "மச்சான், அதெல்லாம் ஆன்டிக், ஏமாந்துபோடாதீங்க" என்று ஏற்றிவிட்டான். அன்று ராத்திரி தூங்காமல் இன்டர்நெட்டில் இழைப்புளி படித்தேன். நம்பினால் நம்புங்கள், இதற்கெல்லாம் சரித்திரம் இருக்கிறது. திருகைச் சுற்றினால் இரும்பு ஏறி இறங்கும் வார்ப்பிரும்பு இழைப்புளியை அமெரிக்காவில் லியனார்டு பெய்லி என்பவர் சீர்படுத்தினார். 1869இல் ஸ்டான்லி கம்பெனி அவருடைய தொழிலை வாங்கிக்கொண்டது. பிற்பாடு அவர் ஸ்டான்லியோடு சண்டை பிடித்துப் பிரிந்து, போட்டிக்கு வேறு இழைப்புளி செய்தார். அதையும் கடைசியில் ஸ்டான்லிதான் வாங்கியது. தன் சாமானைத் தன் விலைக்கு விற்கத் தெரியாதவர் எனக்கு முன்னாலேயே ஒருவர் இருந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு தெம்பு.

அந்த ஸ்டான்லியில் ஒன்றாம் நம்பர் என்று ஒரு பொடி இழைப்புளி இருக்கிறது, ஐந்தரை அங்குலம். பழம்பொருள் சேர்க்கிறவர்கள் அதற்கு ஆயிரம் டாலருக்கு மேலும் கொடுக்கிறார்களாம். நம் பெட்டியில் இருந்த சின்னதும் ஸ்டான்லிதான்! நடுராத்திரி டார்ச்சோடு சாய்ப்புக்குப் போய் அளந்தேன். ஒன்பதே முக்கால். சந்தனத்துக்கு அடியில் நம்பரும் தெரிந்தது: நாலு. நாலாம் நம்பர் என்றால் உலகமெங்கும் மூலைக்கு மூலை கிடக்கிற சாதி.

சரி, பெரிய இழைப்புளி இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு புராணமே உண்டு. தாத்தாவின் கைவேலையைப் பார்த்து மயங்கிய வெள்ளைக்காரத் துரை கப்பலில் தருவித்துக் கொடுத்ததாம். என் கல்யாணத்தின்போது அந்தத் துரை மில்லில் போர்மேனாகத்தான் இருந்தார். மகள் பிறந்தபோது இன்ஜினீயர் ஆனார், மாமனாரின் கருமாதியில் கலெக்டராகிவிட்டார். அடுத்த நாள் காலையில் கம்பி பிரஷை எடுத்துத் தேய்த்தேன். 'மேட் இன்' என்று வந்தது. அடுத்து ஆங்கில 'ஐ' ஒன்று தலைகாட்டியது. அயர்லாந்தாக இருக்கக்கூடாதா, இத்தாலியாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே தேய்த்தேன். 'இந்தியா' என்று முழுசாக வந்து நின்றது. அதற்குள் பின்னால் வந்து நின்ற அம்மிணி, "எங்கப்பா வெச்ச சந்தனத்தையா சொரண்டறீங்க?" என்றாள். கலெக்டர் துரை போனதைப் பற்றி அவளிடம் இன்னும் நான் பேசவில்லை.

அத்தையிடம் விலை கேட்கலாம் என்று யார் சொன்னது? நானேதான். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். "முக்கால் இஞ்சு உளியக் கொடுத்துப்போடாதீங்க மாப்ளே, அதுலதான் உங்க கட்டிலுக்குத் துளை போட்டாரு." அந்தக் கட்டில் இன்றைக்கும் ஒரு கிரீச் சத்தம் போட்டதில்லை. கிரீச்சிடுவதெல்லாம் அதில் படுத்திருக்கும் நான்தான். ஒன்றரை அங்குல உளி பேத்தியின் தொட்டிலுக்கு வேலை செய்ததாம், மூலைமட்டம் பூஜை அலமாரிக்காம். அத்தை முழுமனசோடு விற்கச் சம்மதித்தது ஒரு டால்டா டப்பா நிறையக் கோணல் ஆணி.

மகள் போனில் விளம்பரம் போட்டுக் கொடுத்தாள். நான் விலையே எழுதவில்லை, அதற்குள் ஒருவர் "லாஸ்ட் எவ்வளவு?" என்று கேட்டார். இன்னொருவர் "இழைப்புளிக்கு சார்ஜர் உண்டுங்களா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் வேலை செய்யும் இளவட்டத் தச்சர் கையிலும் மின்சார மிஷின்தான். "எல்லாம் பிளைவுட்டு, மைக்காங்க. இழைக்கறதுக்கு எங்கீங்க மரம்?" என்று கேட்டார், எனக்கும் பதில் தெரியவில்லை. காபிக் கடைச் சுவரில் தொங்கவிட வேண்டுமென்று ஒரு பெண் வந்தாள். நான் தேய்த்து வைத்திருந்ததைப் பார்த்து முகம் சுளித்து, "துரு கொஞ்சம் கூட இருந்தா நல்லாருக்கும் அங்கிள்" என்றாள். துருவுக்கு விலை உண்டென்று முன்னமே தெரிந்திருந்தால் என் முட்டிகளையும் சேர்த்து விளம்பரத்தில் போட்டிருப்பேன்.

கடைசியாக ஒண்டிப்புதூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஆசாரி என்று கையே சொன்னது. ஒன்றும் பேசவில்லை. உளியின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார், வழுக்காமல் நின்றது. இழைப்புளியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சத்தில் பிடித்து, எங்காவது இடுக்கு தெரிகிறதா என்று கண்ணை இடுக்கினார். ரம்பத்தைச் சுண்டிக் காதோடு வைத்துக் கேட்டார். இத்தனை வருஷம் அந்தச் சாமான்களோடு ஒரே வீட்டில் இருந்த நான், ஒரு நாளும் அவற்றை அப்படிப் பார்த்ததில்லை. "நல்ல இரும்புங்க" என்றார் கடைசியில்.

அத்தை விட்டுக்கொடுத்த உளிகள் ஆறையும் சேர்த்து "ஐநூறு" என்றேன். அவர் உளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் தாங்காமல் "நானூத்தம்பதுன்னா எடுத்துக்குவீங்களா?" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நானூறு" என்றேன். சத்தியமாக அவர் வாயே திறக்கவில்லை. வேட்டித் தலைப்பை அவர் எடுப்பதைப் பார்த்து அடுத்த நூறையும் குறைக்க வாயெடுத்தபோது சமையலறையிலிருந்து அம்மிணி வந்தாள்.

"ஏனுங்க பெரியவரே, எங்கப்பா சாணை பிடிச்ச உளிங்க. இப்பக் கடையில இந்த இரும்பு கிடைக்குதுங்களா?"

"கிடைக்கறதில்லை அம்மிணி."

"அப்ப ரெண்டாயிரத்து ஐநூறு குடுங்க."

பெரியவர் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தார். அந்தக் கொட்டாப்புளியையும் தூக்கிக்கொண்டார், அவள் சும்மா கொடுத்ததாம். அதை எப்போது பேசி முடித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போகும்போது என்னைப் பார்த்து, "நீங்க பேங்க்ல இருந்தீங்களாமே?" என்று கேட்டார். அதே மரியாதை.

வாச்சி, அறுப்பு வாள், துரை கொடுத்த இழைப்புளி, நாலாம் நம்பர், டால்டா டப்பா ஆகியவை இன்னும் விற்பனைக்கு இருக்கின்றன. வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாம். தராசோடு வருகிறவர்கள் தயவுசெய்து வாசலோடு திரும்பிவிடுங்கள். விலையை அம்மிணியிடம் பேசிக்கொள்ளுங்கள். நான் திண்ணையில்தான் இருப்பேன். காபி வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள்.