மாமியாரின் மடி

கேள்வி: "மூணு வயசுப் பிள்ளை முன்னாடி சண்டை போட்டா என்ன, வளர்ந்தா மறந்துடும்" என்கிறாரே என் மாமியார்?
(வாசகி, நாகல்நகர், திண்டுக்கல்)

பதில்: பிள்ளை மறந்துவிடும், உடம்பு மறக்காது, சகோதரி! ஓயாத சண்டையும் அடியும் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கவைத்தபடியே இருக்கும். மூளையில் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா தூங்காத காவல்காரனாகும். நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் சிறுத்துப்போகலாம். சிறுவயதுத் துன்பம் கூடக்கூடப் பிற்காலத்தில் இதயநோயும் மனச்சோர்வும் கூடுவதை, 1998-ல் அமெரிக்காவில் வெளியான, மருத்துவர்கள் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினரின் ஆய்வு காட்டியது.

ஆனால் உங்கள் ஊர்ப் பூட்டுக்காரரைக் கேளுங்கள். இறுகிய பூட்டுக்குச் சுத்தியல் எதற்கு, நேரத்தோடு எண்ணெய் விட்டால் திறக்கும் என்பார். பிள்ளைக்கு அந்த எண்ணெய் நேரத்தோடு கிடைக்கும் அன்புதான்: ருமேனியாவில் காப்பகத்திலிருந்து இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அந்த எண்ணெய் கைவசம் உள்ளவர் உங்கள் மாமியாரே. அடுத்த சண்டை கிளம்பும்போது, பேரப்பிள்ளையை முதலில் மடியில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.