பெட்ரோல் போட மட்டும் ஓடும் கார்

பெறுநர்: ஒன்றிய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புதுடெல்லி.

பொருள்: பழுது பார்த்து ஓட வைத்த பழைய காரை, ஓடாத பொருளாக விற்க அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் முடிச்சூருக்குப் பக்கத்திலேயே, ஜிஎஸ்டி சாலையில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற கார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஹெரால்டு, பிறகு கெசல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று வரிசையாக வெளியே வந்தன. 1988-ல் ஆலை ஓய்ந்தது. நிலம் ஐ.டி. கட்டடங்களாகிவிட்டது, கார்கள் மட்டும் முழுசாகப் போய்த் தொலையவில்லை. ஷெட்டில் தார்பாய்க்குள் கிடக்கும் ஹெரால்டை யாராவது அவ்வப்போது வெளியே இழுத்து, கார்புரேட்டரைக் கழுவி, பிரேக் சிலிண்டரை மாற்றி, தரைத் தகட்டில் துருப்பிடித்த இடத்தை வெட்டிப் பற்றவைத்து, ஓட வைத்துவிடுகிறார்கள். அதற்கென்றே அமைந்த வண்டி அது. பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் சாய்த்தால் எஞ்சின் முழுக்கத் திறந்துவிடும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்த பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. ஓடுகிற காரை விற்க வேண்டுமே!

2021 ஜூலையில் தாங்கள் வெளியிட்ட 'வின்டேஜ்' விதிகளுக்கு முதலில் நன்றி. ஐம்பது வயது நிரம்பிய சொந்த உபயோக வண்டிக்குத் தனிப் பதிவு, பத்தாண்டுச் செல்லுபடி, 20,000 ரூபாய் கட்டணம், மறுபதிவுக்கு 5,000. பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்ற பெருந்தன்மையும் உண்டு. ஆனால் அந்த வண்டி எதற்கெல்லாம் சாலைக்கு வரலாம்? கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு. அன்றாட ஓட்டத்துக்குத் தடை. அதாவது கார் கோயில் உற்சவர் மாதிரி: குறித்த நாளில் புறப்பாடு, மற்ற நாளில் மண்டபம். பெட்ரோல் போடப் போகலாம் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. முடிச்சூரிலிருந்து மதுரை வழியாகப் பெருங்களத்தூர் பங்குக்குப் போனால் அது எரிபொருள் நிரப்புதலில் சேருமா?

விற்க வேண்டியவரின் நிலைமைக்கு வருகிறேன். வின்டேஜ் வண்டியை விற்கத் தடையில்லை. இரு தரப்பும் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவித்தால் போதும். ஆனால் வாங்க வருகிறவர் எவரும் வெளிவட்டச் சாலையில் ஒரு ரவுண்டு போய், இரண்டாவது கியர் விழுகிறதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். அந்த ஒரு ரவுண்டு தங்கள் பட்டியலில் இல்லை. ஆகவே 'தொழில்நுட்ப ஆராய்ச்சி' என்று எழுதிக்கொள்கிறோம். ஆராய்ச்சியாளர் பேரம் பேசினால் கண்டுகொள்ள வேண்டாம். இன்னொரு சிக்கல்: சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாத அசல் வண்டிக்கே வின்டேஜ் தகுதி. உதிரிபாகம் செய்தவனே கடையைக் கட்டிவிட்ட காருக்கு, துருப்பிடித்த சேஸிஸைப் பற்றவைப்பது பழுதா, மாற்றமா? முடிவு சோதிக்க வருபவரின் கையில். கைவைக்காமல் விட்ட வண்டி அசல். கைவைத்ததால் ஓடுகிற வண்டி சந்தேகத்துக்குரியது. இதுதான் என் வாதம் முழுவதும்: தங்கள் விதிகள் ஓடாமல் இருப்பதற்குத்தான் மதிப்பெண் போடுகின்றன.

"வின்டேஜ் பதிவைக் கட்டாயப்படுத்தவில்லையே, சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டுங்கள்" என்பீர்கள். நியாயமான பதில்தான். 2025 ஆகஸ்ட் முதல் இருபது வயது தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்க 10,000 ரூபாய், ஐந்தாண்டுக்கு. பத்தாண்டுக்கு 20,000. வின்டேஜ் முதல் பதிவும் பத்தாண்டுக்கு அதே 20,000! ஓடுவதற்கும் ஓடாமல் இருப்பதற்கும் ஒரே விலை வைத்த சமநோக்கை எந்த நிதியமைச்சரிடமும் கண்டதில்லை. (பசுமை வரி தனி.)

புகை என்பது அடுத்த ஆட்சேபம். பழைய கார் புதிய காரைவிட அதிகம் புகைக்கும் என்பது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் அதை அளக்கப் புகைப் பரிசோதனைக் குழாய் இருக்கிறது, பிறந்த தேதி தேவையில்லை. தங்கள் கட்டணம் புகையை அளப்பதுமில்லை. அதே அட்டவணையில் இறக்குமதி காருக்கு 80,000. ஆக, நம்மூர் ஹெரால்டுக்குப் பத்தாயிரம், இங்கிலாந்தில் பிறந்த அதன் அண்ணன் டிரையம்ப் ஹெரால்டுக்கு எண்பதாயிரம். எட்டு மடங்கு புகையா விடுகிறது? ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டலூர் வரை போய் வரும் கார் வருடம் முழுக்க விடும் புகை எவ்வளவு என்பதை, தினமும் ஜிஎஸ்டி சாலை நெரிசலில் நின்று உறுமும் வண்டிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதுகாப்பு குறைவு என்றால், ஆய்வாளர் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் கடுமையாகச் சோதிக்கட்டும்; தோற்ற வண்டியை நிறுத்தட்டும். அதற்கு எவரும் குறுக்கே நிற்கப் போவதில்லை.

ஐம்பது என்ற எண்ணுக்குக் காரணம் ஏதும் தென்படவில்லை. பழம் வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா முப்பது வயதிலேயே 'வரலாற்று வாகனம்' என்கிறது. ஜெர்மனி முப்பதில் தனி எண் தருகிறது. பிரிட்டன் நாற்பதில் சாலை வரியையும் ஆண்டுச் சோதனையையும் விட்டுவிடுகிறது. அங்கெல்லாம் கார் சாலையில் ஓடிக்கொண்டேதான் வரலாறு ஆகிறது. இங்கே ஸ்டாண்டர்டு 2000-ல் மூத்ததே 2035 வரை காத்திருக்க வேண்டும். தாங்கள் வின்டேஜ் விதி போட்ட அடுத்த மாதமே, 2021 ஆகஸ்ட் 13 அன்று, பழைய வண்டிகளை உடைக்கும் கொள்கையும் வெளிவந்தது. எடைக்குப் போடாமல் அதுவரை வைத்திருக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

கோரிக்கை பெரிதல்ல. வயதை முப்பதாகக் குறையுங்கள். வாங்குபவர் ஓட்டிப் பார்ப்பதைப் பட்டியலில் சேருங்கள். பற்றவைப்பும் எஞ்சின் ரீபோரும் பழுதுபார்ப்புதான், மாற்றமல்ல என்று ஒரு வரி எழுதுங்கள். மாதத்தில் சில நாளாவது காரணம் கேட்காமல் ஓட விடுங்கள். கடைசி கெசல்கள் 1977-ல் வெளிவந்தவை. 2027-ல் அவற்றுக்கு ஐம்பது நிரம்பும். அதற்குள் பதில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
முடிச்சூர்வாசி ஒருவன்