தலைவியின் வீட்டுக்காரர்

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்கள் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சட்டத்தை மீறுகிற ஊரா எங்கள் ஊர்? “யாராச்சும் பேர் குடுங்கம்மா” என்று தலைமையாசிரியர் கெஞ்சியதும் அத்தனை பேருக்கும் அடுப்பில் பால் பொங்கியது. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று வாய்திறந்த ஒரு தாயைத் தலைவியாக்கிவிட்டார்கள். கேள்வி கேட்பவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை நம்மிடம் இல்லை!

இப்போது கூட்டத்தில் பேசுவது அவருடைய வீட்டுக்காரர். தலைவி, தீர்மானப் புத்தகத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். வாழ்த்து ஃப்ளெக்ஸில் கணவர் ஆளுயரத்துக்கு நிற்கிறார். தலைவி ஸ்டாம்ப் அளவு. உள்ளாட்சித் தேர்தலில் தங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படுமா என்று வீட்டுக்காரர் விசாரிக்கிறாராம்.