ஓஸ் வெடிச்சிட்டு, அண்ணாச்சி

தமிழ்நாட்டில் எங்கே அதிகம் மழை பெய்கிறது என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் நீலகிரியையோ வால்பாறையையோ சொல்வார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் உடனே ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி என்று விரல் மடக்க ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாம் மாஞ்சோலையை ஒட்டி மலைமேல் இருக்கிற தேயிலைத் தோட்டங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே குடை என்பது மரியாதைக்குக் கையில் வைத்துக்கொள்கிற சாமான். நனைவதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அப்பேர்ப்பட்ட ஊருக்கு, கீழே அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு மிஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், தண்ணீர் அடித்துக் கொடுத்துக் கூலி வாங்கியவன் நான்.

தொழில் வாட்டர் சர்வீஸ். மலையிலிருந்து இறங்கி வருகிற ஜீப்புகள்தான் என் கடைக்குச் சோறு போட்டன. சக்கர வளைவுக்குள் ஒரு கூடை சேறு, மிதியடிக்கு அடியில் நாலு அட்டை, இது இல்லாமல் ஒரு வண்டியும் வராது. வண்டி வராத நாளில் சின்ன மிஷினை வாடகைக்குக் கொண்டுபோய் மாடி, மதில், கோயில் படி என்று பாசி எடுத்துக் கொடுப்பேன். மிஷின் என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. மோட்டார் ஓடும், பம்பு இழுக்கும். என் வாழ்க்கையில் வந்த துன்பங்கள் அனைத்தும் அந்த மிஷினுக்கும் தண்ணீர் பீய்ச்ச என் கையிலிருக்கிற கன்னுக்கும் நடுவே கிடந்த ஓஸ் வழியாகத்தான் வந்தன.

ஓஸின் கஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். மலைக்குப் போகிற வழியில் மணிமுத்தாறு அணை இருக்கிறதே, காமராஜர் காலத்து அணை, அதில் 118 அடி தண்ணீர் நிறைந்து நின்றால் அடிமட்டத்தில் அழுத்தம் ஏறக்குறைய 3.5 பார். பாபநாசம் அணை 143 அடி, அங்கே 4.3 பார். என் மிஷினின் முள் 120 பாரில் நிற்கும். கல்லும் மண்ணும் சிமெண்டும் போட்டு, அடிக்கல் நாட்டித் திறந்து வைத்த அணைக்கு 3.5. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிச் சுருட்டி, ஜீப்பின் பின்சீட்டில் எறிந்து கொண்டுபோகிற ரப்பர் குழாய்க்கு 120. (பொதுப்பணித்துறை நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அழுத்தம் வேறு, அணை தாங்குகிற மொத்தப் பாரம் வேறு என்பது எனக்கும் தெரியும்.)

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பார் என்றால் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் கனம். 120 பார் என்றால் 1200 மீட்டர். அதாவது காகிதத்தில் பார்த்தால், மாஞ்சோலையில் பெய்து அருவியாய்க் குதித்து மணிமுத்தாற்றில் சேர்ந்த தண்ணீரை, என் பம்பு திரும்ப மாஞ்சோலைக்கே அனுப்பிவிடும். நடுவில் ஓஸ் தாங்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது மீட்டரிலேயே வெடிக்கிற ஓஸை வைத்துக்கொண்டு நான் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வேன்.

ஓஸ் எங்கே போகும் என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நடுவில் போவது குறைவு. முனையில்தான் போகும். ரப்பரும் இரும்பும் சேர்கிற இடத்தில் ஒரு உலோக மூடியை வைத்து அமுக்கி நசுக்கியிருப்பார்கள். உள்விட்டம் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 120 பாரில் அந்த மூடியைப் பிடுங்கத் தண்ணீர் 60 கிலோ பலத்தோடு இழுக்கும். என் எடைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அமுக்கியவன் சாப்பாட்டு நேரத்து அவசரத்தில் அமுக்கியிருந்தால் அது எப்போது கழன்று வரும் என்று அந்த அம்மனுக்குத்தான் தெரியும். அடுத்தது கன் பக்கத்து வளைவு. வேலை செய்கிறவன் திரும்பும்போதெல்லாம் அதே இடத்தில் மடங்கும். மூன்றாவது வகைதான் கபடம். மேல்தோல் கல்லில் உரசித் தேயும், உள்ளே பின்னியிருக்கிற கம்பிவலையில் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் ஒரு கொப்புளம். அதைப் பார்த்த பிறகும் வேலையைத் தொடர்கிறவருக்கு என்ன சொல்வது? தள்ளி நில்லும் என்று பக்கத்தில் நிற்பவரிடம் வேண்டுமானால் சொல்லலாம்.

இவையெல்லாம் பழைய ஓஸின் நோய்கள். புது ஓஸ் பிறக்கும்போதே நோயோடு வருவது தனி. அதற்கு மருந்து கேட்டுப் போனால் கடைக்கார அண்ணாச்சியைப் பார்க்க வேண்டும்.

"அண்ணாச்சி, நேத்து வாங்குன ஓஸ் வெடிச்சிட்டு."

"முறுக்கியிருப்பீரு."

"முறுக்கலையே."

"அப்பம் இழுத்திருப்பீரு."

"ஓஸுன்னா இழுக்கத்தானே செய்யணும்?"

"இழுக்கதுக்கு ஒரு முறை இருக்குல்லா வே? கல்யாணப் பொண்ணு சேலைய எடுக்க மாதிரி எடுக்கணும்."

சரி, இதில் எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருக்கிறது பாரும் என்று ஓஸின் மேல் அச்சடித்ததைக் காட்டினேன். 200 என்று போட்டிருந்தது.

"இருநூறு போட்டிருக்குல்லா, பொறவென்ன?"

"இருநூறு என்ன அண்ணாச்சி? பாரா, பி.எஸ்.ஐ.யா?"

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இருநூறு இருநூறுதான் வே. அதுல என்ன ரெண்டு?"

ரெண்டு இருக்கிறது. ஒரு பார் என்பது பதினாலரை பி.எஸ்.ஐ. 200 பி.எஸ்.ஐ. என்றால் 14 பாருக்குக் கீழே. அதில் 120 பாரை விட்டால் ஓஸின் ஆயுள் அண்ணாச்சி மீதிச் சில்லறை எண்ணுகிற நேரம்தான். அதே 200 பார் என்றாலும் கேள்வி முடியாது. வேலை செய்கிற அழுத்தமா, வெடிக்கிற அழுத்தமா? ஜேசிபி வண்டிகளில் வருகிற ஹைட்ராலிக் ஓஸ் உலகத்தில் வேலை அழுத்தத்தைப் போல் நாலு மடங்கு தாங்கிய பிறகே வெடிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நம் கடைத்தெரு ஓஸில், வெடிக்கிற எண்ணையே பெரிதாக அச்சடித்து வேலை எண்ணாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சொன்ன எண்ணில் கட்டாயம் வெடிக்கும்.

ஓஸைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு வெறுப்பில் தேடிப் பார்த்திருக்கிறேன். தீயணைப்புக்குத் தோல் ஓஸை உருவாக்கியவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து யான் வான் டெர் ஹெய்டன், 1670-களில், சகோதரரோடு சேர்ந்து. அவர் ஓவியர். வீடுகளையும் தெருக்களையும் ஒவ்வொரு செங்கல்லாக வரைகிற பொறுமைசாலி. அந்தப் பொறுமை இல்லாதவன் ஓஸ் பக்கம் போகக் கூடாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தோலைத் தைத்துத்தான் குழாய் செய்தார்கள், தையல் வழியே ஒழுகியது. அமெரிக்காவில் பிலடெல்பியாக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தையலுக்குப் பதில் ரிவெட் ஆணி அடித்துப் பார்த்தார்கள். பிறகுதான் ரப்பர் வந்தது. ஏறக்குறைய 350 வருடமாக மனுசன் ஓஸ் ஒழுகுகிற இடத்தை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான்.

மாஞ்சோலை வேலைக்கு வருகிறேன். லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு அம்மன் கோயில், கொடை வருகிறது, படியெல்லாம் பச்சைப் பாசி, ஏறுகிறவர் இறங்கும்போது உட்கார்ந்தபடி இறங்குகிறார் என்று கூப்பிட்டார்கள். மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் ஜீப்பை நிறுத்திப் பின்னால் என்ன மிஷின் என்று கேட்டார்கள். என் கடைப் பையன் கள்ளங்கபடம் இல்லாமல் பதில் சொன்னான்: "மேல போயி தண்ணி அடிக்கப் போறோம் சார்." பிறகு ஜீப்பின் ஒவ்வொரு பையையும் அவிழ்த்துக் காட்ட வேண்டியதாயிற்று. ஓஸைக்கூட ஒருவர் மோந்து பார்த்தார்.

மேலே போய் மிஷினை ஓட்டி நாலு படி முடித்திருப்போம். பழைய ஓஸில் கொப்புளம் கிளம்பியது. கழற்றிவிட்டுப் புது ஓஸை மாட்டினேன், அண்ணாச்சி கடைச் சரக்கு, உறை பிரிக்காதது. கன்னை அமுக்கிய மறுகணம் முனை மூடி கழன்று பறந்து, ஓஸ் எழுந்து நின்று ஆடியது. கோயில் முற்றத்தில் அதற்கு முன் யாருக்கும் அப்படி அருள் வந்து நான் பார்த்ததில்லை. தர்மகர்த்தா வேட்டி, பந்தல்காரர் மூட்டை, பூசாரிக்கு ஆறவைத்திருந்த காப்பி, ஒன்றையும் விடவில்லை.

மலைமேல் ஓஸ் கடை கிடையாது. கீழே போய் வாங்கி வர வேண்டுமென்றால் குண்டும் குழியுமான காட்டுப்பாதையில் இறங்கி ஏற அன்றைய பொழுது போய்விடும். அதனால் தமிழ்நாட்டின் தேசிய வைத்தியத்தைச் செய்தோம். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக நறுக்கி, பழைய ஓஸின் கொப்புளத்தின் மேல் இழுத்துச் சுற்றி, கட்டுக்கம்பி போட்டு இறுக்கினோம். ஓட்டினால் ஒரே இடத்தில் வரவேண்டிய தண்ணீர் நாலு திசையிலும் மெல்லிசாகப் பீறிட்டது. சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. இதற்கிடையில் என் கணுக்காலில் ஒரு அட்டை ஏறிப் பிடித்திருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. மூடி இல்லை, கிளிப் இல்லை, வாஷர் இல்லை, உள்ளே முழு வேகத்தில் ஓட்டம், வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதைப் பிடுங்கிய பிறகுதான் ஒழுக ஆரம்பித்தது. இந்த மாதிரி ஒரு இணைப்பை மனுசன் இன்னும் செய்யவில்லை.

எல்லாவற்றையும் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி எழுந்து வந்தார். தோட்டத்தில் கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனி கறுத்துப் போனவர்.

"எய்யா, அந்த மிசினுக்கு நாள் வாடகை எவ்வளவு?"

சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய தினக்கூலியை நானும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்குத்தான் சங்கடம்.

"அதை ஓரமா வையி. இந்தா, வாரியலைப் பிடி."

பிளீச்சிங் பவுடரும் தேய்ந்த வாரியலும் தேங்காய் நாருமாக ஆச்சியும் இன்னும் சில பெண்களும் உட்கார்ந்தார்கள். பையனும் நானும் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். பொழுது சாய்வதற்குள் படி வெளுத்துவிட்டது. மறுநாள் முழுக்க மழை என்று பிறகு கேள்விப்பட்டேன். வாடகையை முழுதாகத்தான் கொடுத்தார்கள். நான்தான் பாதியை உண்டியலில் போட்டுவிட்டு இறங்கினேன், அதையும் ஆச்சி முறைத்துக்கொண்டிருந்ததால்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஓஸின் அருமை எங்கள் பக்கம் முழுவதற்கும் தெரிந்துபோயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி வடிந்த பிறகு திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஆற்றோரத்து வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் வண்டல். கையில் பிரஷர் மிஷின் வைத்திருந்தவனை ஆட்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து கூட்டிப் போனார்கள். வண்டல் கலந்த தண்ணீரை இழுத்துப் பம்பின் வால்வு அடைத்தது, ஓஸ்கள் வரிசையாகச் செத்தன. ஓஸ் தட்டுப்பாடு. அந்த வாரம் அண்ணாச்சியிடம் யாரும் பாரா, பி.எஸ்.ஐ.யா என்று கேட்கவில்லை. ஓஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். அவரும் அந்த வாரம் ஒரு பைசா கூட்டி விற்கவில்லை. இதையும் எழுதாவிட்டால் அவரைப் பற்றி நான் எழுதியது முழுசாக இருக்காது.

இப்போது எனக்கு மாஞ்சோலை வேலை வருவதில்லை. 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனி சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருடக் குத்தகைக்கு வாங்கிய காடு அது, கெடு முடிய 2028 ஆகும். அதற்கு முன்பே 2024-இல் கம்பெனி விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டித் தோட்டத்தை மூடியது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்கள் சாமான் மூட்டையோடு கீழே இறங்கினார்கள், சிலர் இறங்க மாட்டோம் என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாசி எடுக்க அங்கிருந்து கூப்பிட யாரும் இல்லை. காட்டுக்கு அது நல்லது என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் படி வழுக்குகிறது என்று கவலைப்பட ஆள் இருந்த ஊர் அது.

ஓஸ் விஷயத்துக்கே வந்து முடித்துவிடுகிறேன். சிரித்துப் படித்தாலும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் டியூப் கட்டிய ஓஸில் ஊசித்துளை வழியே தண்ணீர் பீறிட்டபோது, என் கடைப் பையன் அதை விரலால் பொத்தப் போனான். கையைத் தட்டிவிட்டேன். 100 பி.எஸ்.ஐ., அதாவது 7 பார் இருந்தாலே தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நம் மிஷின் ஓடுவது 120 பாரில். வெளியே காயம் கடுகளவுதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே தண்ணீரும் அழுக்கும் சதைக்குள் பரவி, அறுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய நிலை வரும், விரலே போகலாம். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷர் ஓஸ் அடித்தது என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஓஸ் ஒழுகினால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள், கன்னை அமுக்கி மிச்ச அழுத்தத்தை வெளியே விடுங்கள், ஓஸைக் கழற்றுங்கள். அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போவது அதற்கப்புறம்.