பிரேக் பேடின் ஒலியிலக்கணம்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

காரின் பிரேக் பேடை எப்போது மாற்றுவது என்பதில் மூன்று கொள்கைகள் வழக்கில் உள்ளன. "இன்னும் ஆறு மாசம் தாராளமா ஓடும்" என்பது மைத்துனர் கொள்கை. "முன்னாடி நாலையும் மாத்திடலாம் சார்" என்பது மெக்கானிக் கொள்கை. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்பது கணக்கர் கொள்கை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்குபவருக்கும் இரண்டாம் கியரில் இறங்குபவருக்கும் கிலோமீட்டர் ஒன்றுதான், தேய்மானம் வேறு. ஆகவே மூன்றாவது இங்கேயே தள்ளப்படுகிறது.

ஆய்வுக் களம்: என் கார். ஆய்வுக் காலம்: "அது என்னங்க சத்தம்?" என்று மனைவி முதன்முறை கேட்டது தொடங்கி, மறுமுறை கேட்டது வரை.

2. மூவினப் பாகுபாடு

மெய்யெழுத்துகளைப் போலவே பேடின் ஒலியும் மூவினப்படும்.

'ம்ம்' என்பது மெல்லினம். உராயும் பகுதி 10 மி.மீ. அளவுக்குத் தடித்திருக்கும் புதுப் பேடின் நிறைவு.

'கிரீச்' என்பதில் முன்னும் பின்னும் வல்லினம் நிற்க, நடுவில் இடையின ரகரம் ஒன்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பேடின் நிலையும் அதுவே. பேட் மெலிந்ததும் அதன் ஓரத்திலுள்ள சிறு தகடு டிஸ்கை உரசிக் கத்துகிறது. கத்துவதற்கென்றே வைத்த தகடு அது.

'கறகற' என்பது முழு வல்லினம். உராயும் பகுதி தீர்ந்து, பேடின் முதுகு இரும்பு டிஸ்கை அரைக்கிறது. இனி டிஸ்குக்கும் சேர்த்தே செலவு.

3. இடைச்செருகல்

மழைக்கு மறுநாள் காலையில் எழும் உரசல் மூலபாடத்தைச் சேர்ந்ததன்று. டிஸ்கில் படிந்த மெல்லிய துருவின் வேலை அது. சிலமுறை பிரேக் மிதித்ததும் மறையும்.

4. சான்றழிப்பு

பேட் தேயத் தேயப் பிஸ்டன் முன்னே நகர்கிறது. அந்த இடத்தை நிரப்பப் பிரேக் ஆயில் போவதால் டப்பாவில் மட்டம் இறங்குகிறது. காரணம் தேடாமல் ஆயிலை ஊற்றி நிரப்புவோர், வாக்குமூலத்தின் மேல் மை கொட்டுவோர் ஆவர்.

5. மெக்கானிக் கொள்கை: மறுமதிப்பீடு

'நாலு' என்றதும் நான்கு சக்கரங்களுக்கும் பணம் பிடுங்கப் பார்க்கிறார் என ஐயுற்றேன். பிழை என்னுடையது. ஒரு சக்கரத்துக்குப் பேட் இரண்டு, முன்சக்கரங்கள் இரண்டு. ஒருபக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கலாம். பல சின்னக் கார்களைப் போல் என் காரிலும் பின்னால் இருப்பது டிரம். அங்கே பேடே கிடையாது, ஷூதான்.

6. ஆய்வின் எல்லை

எல்லாப் பேடிலும் கத்தும் தகடு இருப்பதில்லை. ஊமையாகவே தேய்பவையும் உண்டு. வெளிப்பேட் தடித்திருக்க, உட்பேட் மட்டும் கரைந்திருப்பதும் உண்டு. ஆகவே செவிப்புலச் சான்று தனியே செல்லாது. சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பார்க்க வேண்டும்.

7. முடிவுகள்

மனைவி முதலில் கேட்டது 'கிரீச்'. மறுமுறை கேட்டது 'கறகற'. இடைப்பட்ட காலத்தில் ஆய்வாளர் செய்தது, காரில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்ததே. அதன் பயனாக டிஸ்க் இரண்டும் புதிதாக வாங்கப்பட்டன.

உராயும் பகுதி 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். இதற்கு இலக்கணம் தேவையில்லை. குனிந்து பார்த்தால் போதும்.