ஹால் சைக்கிள், பெட்ரூம் சைக்கிள்

ஐந்து சைக்கிள் வைத்திருக்கும் மனிதர் கறிவேப்பிலை வாங்க எதில் போவார்? ஸ்கூட்டரில்.

வேலப்பன்சாவடியில் எங்கள் அடுக்ககத்து வாசலிலிருந்து காய்கறிக் கடை கூப்பிடு தூரம். எதிர்வீட்டுக்காரர் ஹெல்மெட்டை மாட்டி, ஸ்கூட்டரை உறுமவிட்டு அங்கே புறப்படுவதைப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டேன்: "சைக்கிள்லயே போகலாமே சார்?" வீணை வித்வானிடம் போய், 'சும்மாதானே இருக்கு, இதுல ரெண்டு துணி காயப்போட்டுக்கட்டுமா?' என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "அதெல்லாம் கடைக்குப் போற வண்டி இல்ல சார்."

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, தேவையும் இல்லை. மதுரவாயலிலிருந்து ஆவடி வரை எந்த அடுக்ககத்தில் கதவைத் தட்டினாலும் இப்படி ஒருவர் திறப்பார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். முட்டி வலி என்று போனபோது, "நடக்காதீங்க, சைக்கிள் ஓட்டுங்க" என்று ஒரு டாக்டர் சொல்லியிருப்பார். எங்கள் ஊரில் பல் கல்லூரி, மருத்துவக் கல்லூரி என்று திரும்பிய பக்கமெல்லாம் டாக்டர்கள், யோசனைக்குப் பஞ்சமில்லை. டாக்டர் சொன்னது ஒருமையில். இவர் காதில் விழுந்தது பன்மையில்.

ஐந்து வண்டிக்கும் அவர் வைத்திருக்கும் பெயர்கள் என் வாயில் நுழைவதில்லை. அவர் மனைவி வங்கியில் வேலை பார்ப்பவர். எதையும் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கில் எழுதுபவர். ஹால் சைக்கிள், பெட்ரூம் சைக்கிள், பால்கனி சைக்கிள், லிஃப்ட் சைக்கிள், பரண் சைக்கிள். "என்னங்க, ஹால் சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்துங்க, மாமா உட்காரணும்" என்றால் விஷயம் முடிந்தது.

ஹால் சைக்கிள் கார்பன் ரோட் பைக். சுண்டினால் 'டொக்' என்று மண்பானைச் சத்தம் வரும். முன்பு கண்ணாடி அலமாரியும் அதற்குள் தஞ்சாவூர்ப் பொம்மையும் இருந்த இடத்தில், சுவரில் கொக்கி அடித்து மாட்டியிருக்கிறார். ஒருநாள் காலையில் படியில் எதிர்ப்பட்டவர் முகமெல்லாம் சிவந்து, "நேத்து ராத்திரிதான் சார் நூத்தியஞ்சு" என்றார். "அடடா, மாத்திரை போட்டீங்களா?" என்றேன். அது காய்ச்சல் இல்லையாம், கியர். ஷிமானோ கம்பெனியின் கியர் வரிசையில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா என்று கான்வென்ட் பிள்ளைகள் மாதிரி மூன்றைத் தாண்டி மேலே போனால் 105. அதற்கு மேலும் இரண்டு உண்டு. அவற்றின் விலையை மனைவி வீட்டில் இல்லாதபோது மட்டும் சொல்வார்.

ஹால் சைக்கிளின் சவாரி காஞ்சிபுரம். விடிகாலை நாலரைக்குக் கிளம்பினால் பூந்தமல்லி, திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் என்று தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு ஓரமாகப் போய், காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். போக வர நூற்றுப் பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. திரும்பி வந்து அவர் சொல்வதில் கால் பங்கு இட்லி, முக்கால் பங்கு எதிர்க்காற்று. போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. இயற்பியலுக்கு இது ஒத்துவருமா என்று நான் கேட்பதில்லை.

அவருடைய அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார். திருக்கச்சி நம்பிகள் பிறந்தது பூந்தமல்லியில். அங்கே நந்தவனம் வைத்து, தினமும் பூவைத் தொடுத்து எடுத்துக்கொண்டு காஞ்சி வரதருக்கு நடந்தே போய்ச் சேர்ப்பித்தார் என்பது ஐதிகம். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னால தினம் நடந்தே போயிருக்கார்டா. நீ மாசத்துக்கு ஒரு தடவை சைக்கிள்ல போயிட்டு வந்து ரெண்டு நாள் படுத்துக்கற."

"நம்பிக்கு எதிர்க்காத்து இருந்திருக்காதும்மா."

பெட்ரூம் சைக்கிள் மடக்குகிற வகை. இருபது நொடியில் மடக்கலாம் என்று காட்டினார், உண்மைதான், மடங்கியது. விரிக்க எத்தனை நேரம் என்று என்னால் பார்க்க முடியவில்லை, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ரயிலில் எடுத்துப்போகத்தான் அது. வேலப்பன்சாவடிக்கு ரயில் கிடையாது என்பது சின்னச் சிக்கல். ஒருமுறை ஆவடி வரை ஓட்டிப்போய், மடக்கி, மின்சார ரயிலில் ஏற்றியிருக்கிறார். ஒரு வெள்ளரிப் பிஞ்சு வியாபாரி அதைப் பார்த்த உடனே 'நல்ல ஸ்டாண்டா இருக்கே' என்று கூடையை அதன்மேல் இறக்கி, சென்ட்ரல் வரை வியாபாரம் செய்தாராம். அதன்பின் அது கட்டிலுக்கடியில் ஓய்வில் இருக்கிறது.

பால்கனி சைக்கிள் மலைக்கானது. மேற்குச் சென்னையில் மலை என்று பார்த்தால் குப்பை மேடு ஒன்றிரண்டு தேறும். அதனால் காரின் முதுகில் கட்டி ஏலகிரிக்குக் கொண்டுபோனார். ஏலகிரி மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயரெல்லாம் அவற்றுக்கு உண்டு. இவர் பாரி வளைவில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். முல்லைக் கொடிக்கே தேரைக் கொடுத்தவன் பெயர் வைத்த இடத்தில் அரை மணி நேரமாக ஓர் ஆட்டோ கிடைக்கவில்லை என்பது அவருக்கு இன்றும் ஆறாத மனக்குறை. இப்போது அந்த சைக்கிளின் அகன்ற ஹேண்டில் பாரில் துண்டும் பனியனும் காய்கின்றன. வீணை உவமை அன்றைக்கு எனக்கு ஏன் தோன்றியது என்று இப்போது புரிகிறது.

லிஃப்ட் சைக்கிள்தான் முதலில் வாங்கிய ஹைப்ரிட். அதைப் பற்றி அசோசியேஷன் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறியிருக்கின்றன. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போய்வர அதுதான். ஏரியின் முழு ஆழம் 24 அடி. இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது, மதகு திறப்பார்களா என்று மழைக்காலத்தில் மொத்த அடுக்ககமும் அவரைத்தான் கேட்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இது லேசான கேள்வி இல்லை. அந்த ஒரு விஷயத்தில் சைக்கிளால் எங்களுக்கும் உபயோகம் உண்டு.

பரண் சைக்கிளைப் பற்றி மட்டும் குரல் இறங்கிவிடும். அப்பா ஓட்டிய கறுப்பு ஹெர்குலிஸ். டைனமோ, செயின் கவர், பின்னால் அகலக் கேரியர், மட்கார்டில் லைசென்ஸ் வில்லை இருந்த இரண்டு துளை. "இங்கேருந்து பத்து கிலோமீட்டர்ல அம்பத்தூர் சார். 1949-ல முருகப்பா குரூப்பும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் நம்ம ஊர்ச் சரக்கு. இது சைக்கிள் மண்ணு சார்!" என்பார். அப்படிப்பட்ட மண்ணின் வண்டி ஏன் பரணில் கிடக்கிறது என்றால், பழைய மாடல் பெல் மூடி ஒன்று கிடைக்க வேண்டுமாம். நான்கு வருடமாகத் தேடுகிறார். அவருடைய அப்பா அதில் முன்னே ஒரு பிள்ளை, பின்னே மனைவி, ஹேண்டிலில் அரிசிப் பை என்று பூந்தமல்லி சந்தைக்குப் போய் வந்திருக்கிறார். அந்த எடையை இந்தப் பிள்ளை மறந்தும் குறிப்பிடுவதில்லை. ஹால் சைக்கிளில் திருகாணி மாற்றி நாற்பது கிராம் குறைத்ததை மட்டும் மூன்று முறை சொன்னார்.

போன ஆடி மாதம் நடந்ததைச் சொல்லாமல் இந்தச் சித்திரம் முடியாது. ரோட் பைக்கைச் செருப்புக் காலோடு மிதித்து ஓட்ட முடியாது. ஷூவின் அடியில் கிளீட் என்று ஒன்று. அது பெடலில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருகினால்தான் விடும். ஞாயிற்றுக்கிழமை, திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குத் திரும்பும் முனை. மஞ்சள் புடவை, மஞ்சள் வேட்டி, தலையில் கூழ்ப்பானை, கையில் வேப்பிலை என்று ஜனம். நம்மவரும் மஞ்சள்தான். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் முன்னால் போகிறவருக்கு 1919 முதல் மஞ்சள் சட்டை. அதன் நகலை ஆன்லைனில் வாங்கிப் போட்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து பிரேக் பிடித்தார். வண்டி நின்றது. கால் கழலவில்லை. ஓர் அவசரமும் இல்லாமல், கோயில் பக்கமாகவே, சைக்கிளோடு சாஷ்டாங்கமாகச் சாய்ந்தார்.

"தாயே! கருமாரி!" என்று நாலு பெண்கள் குரல் கொடுத்தார்கள். ஒரு பாட்டி மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் அள்ளி முகத்தில் தெளித்தாள். கால் இன்னும் பெடலில் இருந்ததால் அவர் உடம்பை உதற, "அருள் இறங்குது, விடுங்க விடுங்க" என்று கூட்டம் விலகி வழி விட்டது. இன்னொரு அம்மா பயபக்தியோடு கேட்டாள்: "எத்தனாவது வருஷம் சாமி?"

சைக்கிளைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, "மூணாவது வருஷம்மா" என்றார்.

நெற்றியில் விபூதி, கையில் ஒரு சொம்பு கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். இரண்டாவது சொம்பும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். டப்பா இருநூறு ரூபாய்க்கு வாங்கும் எனர்ஜி பவுடரெல்லாம் கேழ்வரகுக் கூழிடம் நிற்க முடியாது என்று அன்றைக்குத் தீர்ப்பு. ஆடி ஞாயிறுகளில் இப்போது காஞ்சிபுரம் கிடையாது. அவருக்குப் பிடித்த சவாரி திருவேற்காடு.

ஒரு முறை பிரெவேயும் போயிருக்கிறார். பிரெவே என்றால் பந்தயம் இல்லை, கெடு: 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு இருபது, 400-க்கு இருபத்தேழு, 600-க்கு நாற்பது மணி நேரம். எல்லாம் தேறினால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்கு மனுப் போடலாம். அங்கே 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். நம்மவர் 200-ஐ பதின்மூன்று மணி இருபத்தோரு நிமிடத்தில் முடித்தார். முத்திரை குத்திய அட்டை லேமினேட் ஆகி, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மிச்சப்பட்ட ஒன்பது நிமிடத்தைப் பற்றி அவர் ஒன்பது மணி நேரம் பேசுவார்.

அவர்கள் வீட்டு வேலைக்கு நூம்பலிலிருந்து வரும் அக்காவுக்கும் சைக்கிள் உண்டு. மகள் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்தபோது கிடைத்த விலையில்லா சைக்கிள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. போக வர நாளைக்கு எட்டு கிலோமீட்டர், மாதம் இருபத்தைந்து நாள். கணக்குப் போட்டு நான்தான் சொன்னேன். "மாசா மாசம் ஒரு பிரெவே முடிக்கிறாங்க சார்."

சற்று யோசித்தார். "ஆனா பதிமூணரை மணி நேரத்துக்குள்ள இல்லையே."

சொன்னாரே தவிர, மனதில் தைத்திருக்கிறது. அடுத்த வாரம் அந்த அக்கா, "பெடல் மிதிச்சா கட்டு கட்டுனு சத்தம் வருது சார்" என்றதும், "விட்டுட்டுப் போங்க, நான் பார்க்கறேன்" என்று வாங்கிவைத்துக்கொண்டார். வீடியோ பார்த்தார். குறடு, அலன் கீ, டார்க் ரென்ச் என்று தரையில் பரப்பினார். செயினைக் கழற்றி ஆரஞ்சுத்தோல் வாசம் அடிக்கும் திரவத்தில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தார். வண்டி பளபளத்தது. சத்தம் மட்டும் இருந்தது. ஏதோ ஒரு பாகத்துக்கு ஆர்டர் போட்டார். மூன்று வாரம் அந்த அக்கா நூம்பலிலிருந்து நடந்து வந்தார். வண்டி அடுப்படி வாசலில் நின்றதால் வீட்டுக் கணக்கில் ஆறாவது பெயர் ஏறியது: கிச்சன் சைக்கிள்.

நாலாவது வாரம் மனைவி ஒரு பார்வை பார்த்தார். சாயங்காலம் அவர் அதைத் தள்ளிக்கொண்டு சர்வீஸ் ரோட்டிலுள்ள பஞ்சர் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஹால் சைக்கிள் டியூபின் ஒல்லி வாயைப் பார்த்து, "இதுல வால்டியூப் எங்க சார்?" என்று முன்னொரு நாள் கேட்ட அதே பாய்தான். பெடலைப் பிடித்து ஒருமுறை ஆட்டினார். சுத்தியலால் இரண்டு தட்டு. தேய்ந்த காட்டர் பின் கீழே விழுந்தது. புதிதாக ஒன்றைச் செருகி, இன்னும் இரண்டு தட்டு, நட்டைத் திருகினார். "முப்பது ரூபா சார்."

பணத்தைக் கொடுத்துவிட்டு, "அந்தப் பழைய பின்னைக் கொடுங்க பாய்" என்று கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வரும்போது ஏறி ஓட்டிக்கொண்டு வந்தார். சத்தமே இல்லை. கூடையில் கறிவேப்பிலை.

ராத்திரி, சவாரிக் கணக்கெல்லாம் ஏறும் ஸ்ட்ராவா செயலியைத் திறந்து பார்த்தேன். 'மாலை சவாரி, 1.3 கிலோமீட்டர்' என்று போட்டிருந்தார். பதினோரு பேர் பாராட்டியிருந்தார்கள். அதில் பாதி தூரம் தள்ளிக்கொண்டு போனது என்பது எனக்கும் பாய்க்கும் மட்டும்தான் தெரியும். சராசரி வேகத்தை மறைத்துவைத்திருந்தார்.