எத்தனை விசில்?

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் காற்றடித்தார். இரண்டாம் தடவை காற்றடித்தால் சேதி நல்லதில்லை என்பது பஞ்சர் கடையில் நிற்கிறவனுக்கே தெரியும்.

“160-க்கு 100 இருக்கே. வீட்டுல ஏதாவது டென்ஷனா?”

பக்கத்து நாற்காலியில் மனைவி. இந்த நிலையில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. “சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்.”

சிலருக்கு டாக்டரைப் பார்த்தாலே ஏறிவிடுமாம். வெள்ளைக் கோட்டு ரத்தக்கொதிப்பு என்று வைத்தியத்தில் அதற்குப் பெயரே உண்டாம். “ஒரு மெஷின் வாங்கி ரெண்டு வாரம் வீட்டுல பார்த்து எழுதிட்டு வாங்க. அப்புறம் மாத்திரையைப் பத்தி யோசிப்போம். உப்பைக் குறைங்க. முக்கியமா, டென்ஷன் ஆகாதீங்க.”

குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று சொன்ன வைத்தியரின் வம்சம் இன்னும் பிராக்டிஸ் செய்துகொண்டுதான் இருக்கிறது.

மெஷின் வந்தது. கூடவே ஒரு விதிமுறைப் புத்தகமும் வந்தது. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி கூடாது. முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். கால் மேல் கால் கூடாது, பாதம் தரையில் படிய வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு அளக்க வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது, பேசினால் ஏறும்.

காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் ஐந்து நிமிடம் சும்மா இருப்பது மௌனகுரு சுவாமிகளாலும் ஆகாது. முதல் நாள் விதிப்படி உட்கார்ந்தேன். பட்டை புஸ்ஸென்று இறுகத் தொடங்கியது. சமையலறையிலிருந்து குரல்: “ஏங்க, எத்தனை விசில் ஆச்சு?”

கல்யாணமான நாளிலிருந்து குக்கர் விசில் எண்ணுவது என் இலாகா. பதில் சொன்னால் பிரஷர் ஏறும். சொல்லாவிட்டால் பருப்பு குழையும். யோசித்து “மூணு” என்றேன். உடனே இன்னொரு சந்தேகம்: மூன்றா, நாலா? பக்கத்து வீட்டு விசிலையும் சேர்த்துவிட்டேனோ? மெஷின் 154 காட்டியது.

இந்த டென்ஷன் விஷயத்தைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன். 1936-ல் ஹான்ஸ் செல்யே என்பவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். மாண்ட்ரியலில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்தவர். எலிக்கு எந்த மருந்தை ஏற்றினாலும், குளிரில் வைத்தாலும், ஓட ஓட விரட்டினாலும் விளைவு ஒன்றுதான்: அட்ரீனல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. காரணம் ஆயிரம் இருக்கலாம், உடம்புக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்று. மின்கட்டணமானாலும் மேலதிகாரியானாலும் எனக்கு வயிறுதான் கலங்கும். நான் தனி ஆள் இல்லை, ஒரு பெரிய எலிப் பரம்பரையைச் சேர்ந்தவன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆபத்து என்று உடம்பு நினைத்துவிட்டால் அட்ரீனலின் பாய்கிறது. இதயம் அடித்துக்கொள்கிறது, செரிமானம் கடையை மூடுகிறது, ரத்தம் கை கால் தசைகளுக்கு ஓடுகிறது. சண்டை போடு, இல்லாவிட்டால் ஓடு என்பது அதன் உத்தரவு. கோவையில் ஹாஸ்டலில் இருக்கும் மகனைப் பார்க்க, காலை 11 மணிக்குத் தட்கலில் ஸ்லீப்பர் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். 10.59-க்கே உடம்பு போருக்குத் தயார். ஆனால் காலுக்கு ரத்தம் வந்து என்ன செய்ய? டிக்கெட்டை விரலால்தானே எடுக்க வேண்டும்! அந்த விரலோ நடுங்கியது. படத்தில் கோணலாக இருந்த எழுத்துகளை இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. 11.04-க்கு வெயிட்டிங் லிஸ்ட் 37. மெஷினை எடுத்து அளந்தேன். 162.

பிறகு கிடைத்தது ஒரு பட்டியல். தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் 1967-ல் போட்டது. வாழ்க்கையில் நடக்கிற 43 விஷயங்களுக்கு மன அழுத்த மதிப்பெண். துணையின் மரணம் 100. வேலை போவது 47. கல்யாணம் 50! அதாவது, வேலை போவதைவிடக் கல்யாணம் மூன்று மார்க் கூடுதல். இதைவிட ருசியான சங்கதி, அவர்கள் கணக்குப் போட்ட விதம். கல்யாணத்துக்கு முதலிலேயே ஒரு மதிப்பை வைத்துவிட்டு, “இதோடு ஒப்பிட்டு மற்ற கஷ்டங்களுக்கு மார்க் போடுங்கள்” என்று ஜனங்களிடம் கேட்டார்கள். துணிக்கு முழக்கோல், துயரத்துக்குக் கல்யாணம்.

பென்சிலோடு உட்கார்ந்தேன். பிள்ளை வீட்டை விட்டுப் போனது 29. தூக்கப் பழக்கம் மாறியது 16. சாப்பாடு மாறியது 15. மேலதிகாரியோடு தகராறு 23. துணையின் வீட்டாரோடு தகராறு 29... எழுதப் போன கை நின்றது. தோளுக்குப் பின்னால் அவள்.

“எழுதுங்க, எழுதுங்க. நானும் உங்க வீட்டாருக்கு ஒரு 29 போட வேண்டியிருக்கு.”

மொத்தம் 112. முந்நூறைத் தாண்டினால்தான் பெரிய ஆபத்தாம். என் பிரஷர் 112 ஆக இருந்திருந்தால் டாக்டர் கை குலுக்கியிருப்பார்.

அன்றோடு மனைவி நிர்வாகத்தைக் கையில் எடுத்தாள். ஊறுகாய் ஜாடி பரண் ஏறியது. அப்பளம் தலைமறைவாயிற்று. எல்லோருக்கும் ஒரே சாம்பார், உப்பு பேருக்கு. என் பக்கம் செய்தித் தணிக்கையும் அமலுக்கு வந்தது. போன் வந்தால் பால்கனிக்குப் போய்ப் பேசினாள். மகளின் கணக்குப் பரீட்சைத் தாளில் என் கையெழுத்துக்குப் பதில் அவள் கையெழுத்து விழுந்தது. “அப்பாகிட்ட சொல்லாதே” என்ற கிசுகிசுப்பு எப்போதும் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விசில்களையும் அவளே எண்ணிக்கொண்டாள்.

என் எண்கள் இறங்கின. 146, 138, 130. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், “எல்லாம் மனசுலதான் சார் இருக்கு” என்று உபதேசம் செய்தேன். பதிமூன்றாம் நாள் வாட்ச்மேன் சொல்லித்தான் எங்கள் அடுக்ககத்தின் தண்ணீர் மோட்டார் நாலு நாளாக எரிந்து கிடப்பது தெரிந்தது.

“அப்போ குளிக்கத் தண்ணி எப்படி வந்துச்சு?”

“லாரி சொன்னேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க.”

இரண்டு வாரம் முடிந்து நோட்டோடு போனோம். டாக்டர் அளந்தார். 126-க்கு 80. ஒரே தடவைதான் காற்றடித்தார்! “மாத்திரை இப்போ வேண்டாம். அப்படியே உங்களுக்கும் பார்த்துடலாமா மேடம்?”

பட்டை அவள் கைக்குப் போனது. காற்றடித்தார். மீட்டரைப் பார்த்தார். மறுபடியும் காற்றடித்தார்.

“உங்களுக்கு 158 இருக்கே. உப்பு அதிகமா சேர்த்துக்கறீங்களா?”

“இவர் சாப்பிடறதைத்தான் சார் நானும் சாப்பிடறேன்.”

“அப்போ ஏதாவது டென்ஷனா?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “இவருக்குப் பிரஷர் சார்.”

மறுநாள் காலை ஏழு மணி. நாற்காலியில் அவளை உட்கார வைத்தேன். முதுகு சாய்த்து, பாதம் தரையில், கை இதயத்தின் உயரத்தில். எல்லாம் விதிப்படி. சமையலை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி உள்ளே போனேன். கடுகு டப்பாவைத் தேடினேன். கிடைத்தபோது பெருங்காயத்தைக் காணோம். அதற்குள் குக்கர் கத்திவிட்டது. ஒரு தடவையா, நாலு தடவையா?

“ஏய், எத்தனை விசில் ஆச்சு?”

பதில் இல்லை. எட்டிப் பார்த்தேன். விதிமுறைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குப் பருப்பு கூழாகிவிட்டது. உப்பும் இல்லை. நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன்.